நம்ம பதிப்புக்கு வேண்டாத செய்தி

பத்திரிகையில் வேலை பார்ப்பவனுக்குக் காது கேட்காது. கேட்பது போல் இருக்கும், அவ்வளவுதான். எதிரில் இருப்பவர் வாயைத் திறந்ததுமே அவன் மனசு கத்தரிக்கோலைக் கையில் எடுத்துவிடும். இது தலைப்பு, இது முதல் பத்தி, இது இடம் இருந்தால் பார்க்கலாம், இது குப்பை. பேசுகிறவர் மூச்சு வாங்குவதற்குள் செய்தி தயாராகிவிடும். அதற்குப் பிறகு அவன் தலையாட்டுவதெல்லாம் மரியாதைக்காக.

நான் கடலூரில் ஒரு நாளிதழின் மாவட்டப் பதிப்பில் துணை ஆசிரியர். அடுத்தவர் எழுதியதை வெட்டுவது என் தொழில். அதில் இரண்டு விதிகள் உண்டு. முக்கியமானது முதலில் வரும், எனவே வால் பக்கமிருந்து வெட்டு. ஒரு ஊர்ச் செய்தி இன்னொரு ஊர்க்காரனுக்கு வேண்டாம், எனவே பதிப்பு பார்த்து வெட்டு. பெண்ணாடத்தில் கரும்பு லாரி கவிழ்ந்தால் பெண்ணாடத்துக்காரருக்கு அது முதல் பக்கம். கடலூர்க்காரரைப் பொறுத்தவரை அந்த லாரி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

வாரம் ஒருமுறை வரும் மருத்துவப் பக்கத்தையும் நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்துக்கொண்டேன் என்றால், டாக்டர் ஒருவர் அனுப்பும் கட்டுரையைப் பாதியாக்கி, ‘கண்களைக் காப்போம்’ என்று தலைப்பிட்டு, மேலே ஒரு கேரட் படம் வைப்பேன். இந்தத் தகுதியோடுதான் என் மாமாவின் கண்ணைக் காக்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டேன்.

மாமா என்றால் என் மாமனார், மனைவி சபியாவின் அத்தா. காட்டுமன்னார்கோயிலில் ரைஸ் மில் நடத்தி, மூட்டை தூக்கி, தூக்குகிறவர்களை அதட்டி வளர்ந்த உடம்பு. மில்லை விற்ற பிறகும் தோள் மட்டும் மில்லிலேயே இருந்தது. (இந்தத் தோள் பின்னால் வரும்.) இரண்டு கண்ணிலும் புரை. எதிரே வருபவர் யாரென்பதை அவர் சலாம் சொல்லும் குரலை வைத்துக் கண்டுபிடிக்கும் நிலைக்கு வந்திருந்தார். ஆபரேஷனுக்கு மட்டும் பிடிகொடுக்கவில்லை. காரணம் உறவினர்கள். ஒருவர் முருங்கைக்கீரை போதும் என்றார். இன்னொருவர் கண்ணில் தேன் விட்டால் புரை கரைந்துவிடும் என்றார். துபாயில் கடை வைத்திருக்கும் மச்சான் நஜீர், அங்கே ஒரு சொட்டு மருந்து இருக்கிறது, அரபிகளெல்லாம் அதைத்தான் போடுகிறார்கள் என்றான். எங்கள் உறவில் யாரும் டாக்டருக்குப் படித்ததில்லை. அதை ஒரு குறையாக யாரும் நினைத்ததுமில்லை.

கடைசியில் சபியா அழுது, மாமா இறங்கி வந்தார். சிதம்பரத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் வலது கண்ணுக்குப் புதன்கிழமை ஆபரேஷன். அது சரியாக ஆறினால்தான் இடது கண்ணைத் தொடுவேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆகவே எல்லாமே அந்த ஒரு கண்ணை நம்பித்தான் இருந்தது. குணமாகும்வரை கடலூரில் எங்கள் வீட்டில் தங்குவது என்று முடிவானது. சொட்டு மருந்து போட மகள்தான் வேண்டுமாம்.

வியாழக்கிழமை காலை கட்டைப் பிரித்து வீட்டுக்கு அனுப்புவார்கள், அதற்கு முன் நர்ஸ் கூட வந்தவர்களை உட்காரவைத்து என்னென்ன செய்ய வேண்டும் என்று சொல்லித் தருவார் என்றார்கள். சபியா பள்ளிக்கூடத்தில் டீச்சர். லீவு போட்டுவிட்டு நானே வருகிறேன் என்றாள். நான் சம்மதிக்கவில்லை. நர்ஸ் சொல்வதைக் கேட்டு வந்து சொல்வதற்கு, மந்திரிகள் சொல்வதையே கேட்டு எழுதிய நான் போதாதா என்று கேட்டேன். சபியா என்னை ஒரு பார்வை பார்த்தாள். மந்திரிகள் பற்றி நான் எழுதியதை அவள் படித்திருக்கிறாள்.

சிஸ்டர் பெயர் கலைச்செல்வி. குரலிலேயே ஒரு பிரம்பு இருந்தது. ஒரு பச்சைத் திரைக்கு அந்தப் பக்கம் டாக்டர் நோயாளிகளின் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் பெஞ்சில் நாங்கள். தன் மொபைலைப் பார்த்தபடி இருந்த ஒருவரிடம், “போன உள்ள வைங்கண்ணே, கண்ணு உங்க அப்பாவுதுதானே” என்று தொடங்கினார்.

சொட்டு மருந்து இரண்டு பாட்டில். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் தொட வேண்டும். ஒன்றைப் போட்டு ஐந்து நிமிடம் கழித்து அடுத்தது. சேர்த்துப் போட்டால் இரண்டாவது முதலாவதைக் கழுவிக்கொண்டு போய்விடும். பாட்டில் முனை இமையில் படக் கூடாது. தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது. வெளியே போனால் கறுப்புக் கண்ணாடி, தூங்கும்போது கண்ணுக்கு மேல் பிளாஸ்டிக் மூடி. இதுவரைக்கும் எனக்குத் தலைப்பு, முதல் பத்தி எல்லாம் கிடைத்துவிட்டது. மனசு மூடிக்கொண்டது.

அப்போது எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மா கையைத் தூக்கினார். ஸ்ரீமுஷ்ணத்துக்காரர். அவர் வீட்டுக்காரருக்கும் அன்றுதான் கட்டைப் பிரிக்கிறார்கள். அந்த அம்மா அதற்குள் நிறையக் கேள்வி கேட்டிருந்தார். மோர் சாப்பிடலாமா, டிவி பார்க்கலாமா, மாட்டைக் குளிப்பாட்டலாமா. ஒவ்வொன்றுக்கும் நான் ஒரு பெருமூச்சு விட்டிருந்தேன்.

“சிஸ்டர், எங்க வூட்டுக்காரரு பெருமாளுக்கு அங்கப்பிரதட்சணம் வேண்டிக்கிட்டிருக்காரு. கண்ணு நல்லாயிட்டா உருளறேன்னு. இந்த சனிக்கெழம உருளலாமா?”

“அவரு உருண்டார்னா உள்ள வெச்ச லென்சும் உருளும்மா” என்றார் சிஸ்டர். பெஞ்சில் எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. “இதத்தான் கடைசியா சொல்லலாம்னு வெச்சிருந்தேன். கடைசியா சொன்னாத்தான் மண்டைல நிக்கும். மத்த எல்லாத்தையும் விட இதுதான் முக்கியம். உருளறது, உழுந்து கும்புடறது, குனியறது, தலைய தரைக்குக் கொண்டு போறது எதுவும் நாங்க சொல்ற வரைக்கும் கூடாது. புண்ணு இன்னும் ஒட்டல. சாமிய நின்னே கும்புடச் சொல்லுங்க. பெருமாள் கோவிச்சிக்க மாட்டாரு.”

நான் இதைக் கேட்டேன். கேட்கவில்லை என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை, வார்த்தைக்கு வார்த்தை இன்றைக்கும் நினைவிருக்கிறது. கேட்டுவிட்டு, ஸ்ரீமுஷ்ணம் செய்தி, நம்ம பதிப்புக்கு வேண்டாம் என்று ஒதுக்கினேன். அங்கப்பிரதட்சணம், பெருமாள், கோயில். என் மாமா லுங்கியும் தொப்பியுமாகத் திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார். அவர் எந்தக் கோயிலில் போய் உருளப் போகிறார்?

சிஸ்டருக்கு ஒரு வழக்கம். சொன்னதை ஒவ்வொருவரும் திருப்பிச் சொல்ல வேண்டும். ஸ்ரீமுஷ்ணத்து அம்மா தப்புத்தப்பாகச் சொல்லி, திட்டு வாங்கி, மறுபடியும் சொன்னார். என் முறை வந்தபோது சிரித்துக்கொண்டே சட்டைப்பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்துக் காட்டினேன்.

“நான் பிரஸ், சிஸ்டர். கேட்டத அப்படியே எழுதறதுதான் எனக்கு வேலையே.”

சிஸ்டர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “அப்ப சரி” என்று அடுத்தவரிடம் போய்விட்டார்.

காரில் திரும்பும்போதே குடும்ப வாட்ஸாப் குழுவுக்குச் செய்தி போட்டுவிட்டேன். ‘மாமா கண் திறந்தார்’ என்று தலைப்பு. கீழே நாலே வரி. சொட்டு மருந்து, இடைவெளி, சோப்பு, தண்ணீர், கண்ணாடி. அதிகமாக ஒரு வார்த்தை இல்லை. துபாயிலிருந்து நஜீர், “மச்சான், பேப்பர் படிச்ச மாதிரியே இருக்கு” என்று எழுதினான். எனக்குப் பெருமையாக இருந்தது. (பேப்பர் படித்த மாதிரி என்பதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வது எங்கள் தொழிலில் இருப்பவர்கள் மட்டும்தான்.)

அன்று முழுவதும் மாமாவுக்குப் பயண அசதி. தலை சுற்றுகிறது என்று கட்டிலில் உட்கார்ந்தபடியே தொழுதுகொண்டார். வெள்ளிக்கிழமை விடியற்காலைத் தொழுகையும் அப்படியேதான். விடிந்த பிறகு தெளிவாக எழுந்தார். சுவரில் இருந்த காலண்டரில் தேதியைத் தானே படித்தார். பிறகு அதன் கீழே இருந்த கடைப் பெயரைப் படித்தார். அதன் கீழே இருந்த போன் நம்பரையும் சத்தமாகப் படித்தார். சபியா அடுப்படிக்குப் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

குளிக்க முடியாததால் ஈரத்துணியால் உடம்பைத் துடைத்து, வெள்ளைச் சட்டை போட்டு, அத்தர் தடவிக்கொண்டு, ஜும்மாத் தொழுகைக்குப் பள்ளிவாசல் போக வேண்டும் என்றார் மாமா. சபியாவுக்கு அதில் சந்தேகம்.

“அத்தா, சுஜூது செய்யலாமான்னு தெரியலயே. குனியலாமா என்னாங்க? சிஸ்டர்கிட்ட கேட்டீங்களா?”

சுஜூது என்றால் தொழுகையில் நெற்றியைத் தரையில் வைப்பது. கேள்வி இவ்வளவு நேராக வந்தது. சிஸ்டர் சொன்ன வார்த்தைகள் அப்படியே மண்டைக்குள் இருந்தன. ஆனால் அவை ஸ்ரீமுஷ்ணம் பக்கத்தில் இருந்தன. நானோ கடலூர் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

“தொழுகையப் பத்தி சிஸ்டர் ஒண்ணுமே சொல்லல” என்றேன்.

மாமா திருப்தியாகத் தலையாட்டினார். “மாப்ள எழுதறவரு. ஒரு வார்த்த உட்டிருக்க மாட்டாரு.”

நானே அவரை ஸ்கூட்டரில் பள்ளிவாசல் வாசலில் இறக்கிவிட்டேன். நீங்க வரலையா என்று கேட்டார். அலுவலகத்தில் அவசர வேலை என்றேன். எனக்கு வெள்ளிக்கிழமைகளில் மட்டும் வரும் அவசர வேலை அது. மாமா கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனார்.

அலுவலகத்தில் டீ ஆறிக்கொண்டிருந்தபோது சிதம்பரத்திலிருந்து போன் வந்தது. வீட்டுக்குப் போனவர்களை மறுநாள் கூப்பிட்டு விசாரிப்பது கலைச்செல்வி சிஸ்டரின் இன்னொரு வழக்கம். மருந்து போட்டாச்சா, போட்டாச்சு. சிவப்பு இருக்கா, இல்லை. கண்ணாடி போடறாரா, போடறார்.

“குனியாம பாத்துக்கறீங்கல்ல?”

“அவரு எங்க சிஸ்டர் குனியப் போறாரு? நாங்க கோயிலுக்கெல்லாம் போறதில்ல” என்று சிரித்தேன்.

அந்தப் பக்கம் நோட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது.

“சார்” என்றார் சிஸ்டர், மிகவும் நிதானமாக. “நீங்க பாய் வூடுதானே? நீங்க தொழுவறப்ப தலைய எங்க வெப்பீங்க?”

ஒரு மனிதனின் முப்பது வருடப் படிப்பும் தொழிலும் ஒரே கேள்வியில் குப்பைக்கூடைக்குப் போவதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். போனை வைத்தேனா இல்லையா என்று தெரியவில்லை. மாமாவின் நம்பருக்கு அடித்தேன். சுவிட்ச் ஆஃப். செல்போனை அணைத்துவிட்டு வரவும் என்று பள்ளிவாசல் கதவில் ஒட்டியிருப்பதை மதித்து நடக்கும் ஒரே மனிதர் என் மாமாவாகத்தான் இருக்க வேண்டும்.

ஸ்கூட்டரில் போய்ச் சேர்ந்தபோது பிரசங்கம் முடிந்து தொழுகை தொடங்கிவிட்டது. வரிசை வரிசையாக எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். முன்னால் நின்று தொழவைக்கும் ஹஜ்ரத்தின் ஓதல் மைக்கில் கேட்டது. மாமா எங்கே இருப்பார் என்று தேட வேண்டியதில்லை. முதல் வரிசை. அத்தனை வரிசைகளையும் தாண்டித்தான் போக வேண்டும். தொழுகிறவருக்குக் குறுக்கே போகக் கூடாது என்பது என்னைப் போன்றவனுக்கும் தெரியும். போனேன். கை கால் கழுவவில்லை, தலையில் தொப்பி இல்லை, ஒரு காலில் செருப்பு இருந்ததாக இன்னும் ஒரு கட்சி சொல்கிறது. தொழுகையில் இருப்பவர்கள் பேச மாட்டார்கள், திரும்ப மாட்டார்கள். அதனால் யாரும் என்னைத் தடுக்கவில்லை. ஆனால் நான் கடந்துபோன இடத்தில் முதுகுகள் விறைத்தன. அதை உணர முடிந்தது.

எல்லோரும் இடுப்பு வளைத்துக் குனிந்தார்கள். மாமாவும் குனிந்தார். எல்லோரும் நிமிர்ந்தார்கள். அடுத்தது தரைதான். முதல் வரிசையை நான் அடைந்தபோது மாமாவின் முழங்கால் மடங்கத் தொடங்கியிருந்தது. பின்னாலிருந்து பாய்ந்து அவர் அக்குளுக்குள் இரண்டு கையையும் விட்டு மேலே தூக்கினேன்.

மாமா பிறகு சொன்னார், அந்த நேரத்தில் அவருக்கு ஷைத்தான் நினைவுதான் வந்ததாம். கண் கிடைத்ததற்கு நன்றி சொல்ல நெற்றியைத் தரையில் வைக்கப் போகும்போது பின்னாலிருந்து ஒருவன் இழுத்தால் அவன் வேறு யாராக இருக்க முடியும்? அவர் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. கீழே அழுத்தினார். நான் மேலே இழுத்தேன். பள்ளிவாசல் முழுவதும் நெற்றி தரையில் இருக்க, நாங்கள் இருவர் மட்டும் நெல் மூட்டையும் கூலியாளும் போல ஆடிக்கொண்டிருந்தோம். அப்போதுதான் மில்லில் மிச்சமிருந்த அந்தத் தோள் வேலை செய்தது. வலது முழங்கை பின்னால் வந்தது. என் மூக்குக்கண்ணாடி இரண்டாக உடைந்து, ஒரு பாதி என் புருவத்துக்குள் போனது.

“மாமா, கண்ணு, கண்ணு” என்று கத்தினேன். என்னுடையதைச் சொன்னேனா அவருடையதைச் சொன்னேனா என்று இன்றுவரை குடும்பத்தில் தீர்ப்பாகவில்லை. “குனியாதீங்க மாமா. சிஸ்டர் சொல்லியிருக்கு.”

குரலை வைத்து ஆளைக் கண்டுபிடித்துப் பழகியவர். நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை, பேசவில்லை. மெதுவாக அப்படியே சம்மணம் போட்டு உட்கார்ந்து, தலையை மட்டும் லேசாக அசைத்துத் தொழுகையை முடித்தார். நான் அவர் பக்கத்தில் கைக்குட்டையால் புருவத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தொழுகையின் முடிவில் எல்லோரும் முகத்தை வலப்பக்கம் திருப்பி, பிறகு இடப்பக்கம் திருப்பி சலாம் சொல்ல வேண்டும். அன்றைக்கு இரண்டு பக்கமும் திரும்பிய முகங்கள் கடைசியில் என் மேல் வந்து நின்றன.

ஹஜ்ரத் விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். வயதானவர், கோபமே வராதவர் என்று பெயர். “முடியாதவங்க உக்காந்து தொழுவலாம்னு ஓதற புள்ளைங்களுக்கே தெரியும் தம்பி” என்றார். “உங்கள ஜும்மாவுல பாத்து ரொம்ப நாளாச்சி. அடுத்த வாரமும் வாங்க. இவ்வளவு வேகம் வேணாம்.”

அன்று மத்தியானமே இருவரும் ஒரே காரில் சிதம்பரம் போனோம். சபியா நடுவில் உட்கார்ந்திருந்தாள். வழியெல்லாம் அத்தாவின் கறுப்புக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தாள். மாமாவின் கண் என்ன ஆனதோ என்ற பயம் அவளுக்கு. எனக்கும்தான். அந்த முழங்கை வந்த வேகத்துக்கு உள்ளே இருந்த லென்ஸ் ஆடியிருக்கலாம். டாக்டர் மாமாவை விளக்கு வைத்து வெகுநேரம் பார்த்தார். எங்களுக்கு மூச்சு வந்தது அவர் விளக்கை அணைத்த பிறகுதான். ஒன்றும் ஆகவில்லை, தரை வரைக்கும் போகாதது நல்லது என்றார். பிறகு என்னைப் பார்த்தார். புருவத்தில் தையல், வெள்ளை விழியில் ரத்தக்கட்டு, கட்டு, சொட்டு மருந்து.

கலைச்செல்வி சிஸ்டர் எங்கள் மூவரையும் அதே பெஞ்சில் உட்காரவைத்தார். அடையாள அட்டையைக் காட்டச் சொல்லவில்லை. என்னதான் நடந்தது என்று கேட்டார். எப்படித் தப்பு நடந்தது என்பதை விளக்க வேண்டியதாயிற்று. ஸ்ரீமுஷ்ணம் செய்தி, நம்ம பதிப்பு, எல்லாவற்றையும் சொன்னேன். தொழில் நுணுக்கம் என்ற முறையில் சொன்னேன்.

சபியா அப்போதுதான் வாயைத் திறந்தாள். “அப்ப உங்க பதிப்புல எங்க அத்தாவே இல்லையா?”

சிஸ்டர் சபியாவிடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னார். அவள் திருப்பிச் சொன்னாள். பிறகு, “பிரஸ் சொல்லட்டும்” என்றார். சொன்னேன். பாட்டில் முனை இமையில் படக் கூடாது என்பதை விட்டுவிட்டேன். மறுபடியும் சொல்லவைத்தார்.

சாயங்காலம் குடும்பக் குழுவில் நஜீர் போட்டான்: ‘மாமா கண் நலம், மருமகன் கண் வீக்கம்’. கீழே, ‘அனைத்துப் பதிப்புகளுக்கும்’ என்று ஒரு வரி. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நான் எதையாவது கேட்காமல் தலையாட்டினால், சபியா பேச்சை நிறுத்திவிட்டு, “இது கடலூர் செய்திதாங்க” என்பாள். என் மகள் பரீட்சை மார்க்கைச் சொல்லும்போது மட்டும் ஸ்ரீமுஷ்ணம் செய்தி என்று சொல்லிவிட்டு ஆரம்பிப்பாள்.

சில மாதம் கழித்து மாமாவின் இடது கண்ணுக்கும் தேதி கொடுத்தார்கள். இம்முறை கட்டைப் பிரிக்கும் நாளில் சபியாதான் கூட வந்தாள். நான் டிரைவரோடு வெளியே நிற்க வேண்டும் என்று ஏற்பாடு. வெயில் தாங்காமல் உள்ளே வந்து, திரைக்குள் இருந்த மாமாவுக்குக் கேட்கும்படி ஒரு சலாம் சொல்லிவிட்டு, பெஞ்சின் கோடியில் உட்கார்ந்தேன். சிஸ்டர் என்னைப் பார்த்தார். பாடத்தின் கடைசிக்கு வந்திருந்தார்.

“குனியக் கூடாதுன்னா எதுக்கும் கூடாது. கோயில்ல உழக் கூடாது, பள்ளிவாசல்ல தலைய தரையில வெக்கக் கூடாது, சர்ச்சுல மண்டி போட்டுக் கவுரக் கூடாது. கல்யாணத்துல யாரு கால்லயும் உழக் கூடாது, கட்டிலுக்கடியில செருப்பு தேடக் கூடாது. இவ்ளோ எதுக்குச் சொல்றேன்னா, இங்க ஒருத்தரு வந்தாரு. கோயிலுன்னு சொன்னது பக்கத்து அம்மாவுக்குன்னு நெனச்சிக்கினு மாமனார பள்ளிவாசலுக்கு அனுப்பிட்டாரு. அப்பறம் நடுத்தொழுவயில போய் மாமனாரோட குஸ்தி.”

பெஞ்ச் குலுங்கியது. எனக்குப் பக்கத்தில் வேட்டி கட்டிய ஒருவர் கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “சும்மா சொல்லுது சார் சிஸ்டர். அப்படியும் ஒரு ஆளு இருப்பானா?”

பச்சைத் திரைக்கு அந்தப் பக்கமிருந்து, டாக்டர் பேசாதீர்கள் என்று சொல்லியும் கேட்காமல், மாமாவின் குரல் வந்தது.

“இருக்காரு. எங்க மாப்ளதான். கோடியில உக்காந்திருப்பாரு பாருங்க.”